அவுரி கொடுத்த எலியின் ரத்தத்தில் எதைத் தேடுவது?

நெல்லை டவுனில் நாட்டு மருந்துக் கடையில் போய் அவுரி கேட்டால், விவரமான கடைக்காரர் "தலைக்கா, வயித்துக்கா?" என்று திருப்பிக் கேட்பார். தலைக்கு என்றால் நீலச் சாயம் தரும் அவுரி. வயிற்றுக்கு என்றால் நிலவாகை, அதாவது டின்னவெல்லி சென்னா என்று நம் ஊர்ப் பெயரோடு கப்பல் ஏறும் பேதி இலை. இரண்டும் வேறு வேறு செடி, இங்கே இரண்டுக்கும் ஒரே பெயர். வயிற்று அவுரியின் சாற்றை எலிக்குக் கொடுத்து, அது உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்று ரத்தத்தில் அளக்கும் ஆய்வைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஆய்வுக்கூடத்தில் முதல் தவறு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இலை வாங்குவதுதான். தாவரவியலாளரிடம் காட்டி உறுதி செய்து, ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. "கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் சாறு கொடுத்தோம்" என்று எழுதிவிட்டு, அதில் பேதிக்கு மூலமான சென்னோசைடு எவ்வளவு என்று பார்க்காமலே விட்டிருப்பார்கள். இலையின் வயது, காயவைத்த விதம், சாறு எடுத்த கரைப்பான் எல்லாமே அதை மாற்றும். ஒவ்வொரு தொகுதிச் சாற்றையும் தனியாக அளக்க வேண்டும். சென்னோசைடு உடைந்தால் உண்டாகும் ரெயின் என்ற பொருள் அதில் ஏற்கனவே தனியாக எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

நான் அதிகம் பார்த்த தவறு இது: எதைக் கொடுத்தோமோ அதையே ரத்தத்தில் தேடுவது. சென்னோசைடு சர்க்கரை ஒட்டிய பெரிய மூலக்கூறு. சிறுகுடல் அதைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை, அங்குள்ள செரிமான நொதிகளாலும் அதை உடைக்க முடியாது. அது பெருங்குடல் வரை அப்படியே போகும். அங்குள்ள பாக்டீரியாக்கள்தான் அதை ரெயின் ஆன்த்ரோன் ஆக்குகின்றன. பேதியாவதும் அதனால்தான். அதில் ஒரு சிறு பகுதி ரெயினாக மாறி ரத்தத்தில் சேரும். அதுவும் பெரும்பாலும் உடம்பு ஒட்டவைக்கும் இணைப்புகளோடு, குளுகுரோனைடு, சல்பேட்டு என்று வேடம் போட்டுத்தான் சுற்றும். ஆகவே பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், சென்னோசைடைத் தேடிவிட்டு "உறிஞ்சப்படவில்லை" என்று முடிவு எழுதினால் பாதிக் கதைதான் வரும். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே அளந்து, மற்றொன்றில் இந்த இணைப்புகளை உடைக்கும் நொதிகளைச் சேர்த்து அளந்தால், தனி ரெயின் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று தெரியும். சாற்றிலேயே தனி ரெயின் இருந்திருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் கலந்துவிடும், அதனால்தான் அதை முதலிலேயே அளக்கச் சொன்னேன். எலிக்கு அண்மையில் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் குடல் பாக்டீரியா குறைந்திருக்கும், கணக்கே மாறிவிடும்.

அப்புறம் நேரம். ராத்திரி குடித்தால் காலையில் போகும் என்பது எங்கள் ஊரில் பாட்டிகளுக்கே தெரியும். ஆனால் நாங்கள் முதல் தடவை செய்தபோது, வேகமாக உறிஞ்சப்படும் ஒரு மருந்தின் நேர அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டோம். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நான்கு முறை ரத்தம் எடுத்தாயிற்று, கடைசி மாதிரி 6 மணியில். வரைபடத்தைப் பார்த்தால் கோடு ஏறுமுகமாகவே முடிந்திருந்தது. இறங்குமுகத்தில் குறைந்தது மூன்று புள்ளியாவது இல்லாமல் அரை ஆயுளை, அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை, கணக்கிட முடியாது. அத்தனை எலியும் வீண்.

இஷ்டத்துக்கு அதிக முறை எடுக்கவும் வழியில்லை. 250 கிராம் எலியின் உடம்பில் மொத்தமே ஏறத்தாழ 16 மி.லி. ரத்தம்தான். அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 1.6 மி.லி., அதாவது 0.2 மி.லி. வீதம் எட்டு முறை. அந்த எட்டையும் 24 மணி நேரத்தில் எங்கே வைப்பது என்பதை விலங்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். குழாயில் "1 மணி" என்று எழுதிவிட்டு 1.12-க்கு எடுப்பதும் சகஜம். எல்லா எலிக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்காமல் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள், கடிகாரம் காட்டிய நேரத்தையே எழுதுங்கள்.

இறங்கும் கோட்டில் இரண்டாவது மேடு வந்தால் உடனே கருவியைக் குறை சொல்ல வேண்டாம். பித்தநீர் வழியாகக் குடலுக்குத் திரும்பி மறுபடி உறிஞ்சப்பட்டிருக்கலாம். எலி தன் புழுக்கையைத் தின்னும் என்பதையும் மறக்காதீர்கள். கூண்டுக்குக் கம்பிவலைத் தரை போட்டால் அது ஓரளவு குறையும்.

உறுப்புகளில் பரவலை அளக்கும்போது, வெட்டி எடுத்த கல்லீரலில் ரத்தமும் தேங்கி நிற்கும். உப்புநீர் செலுத்தி அதை வெளியேற்றாமல் அரைத்தால், ரத்தத்தில் இருந்த மருந்தும் கல்லீரல் கணக்கில் ஏறும். பெருங்குடலில் இது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் கழிவைச் சரியாகக் கழுவாவிட்டால், உறிஞ்சப்படாத மருந்தைத்தான் "திசுவில் அதிகம் சேர்ந்தது" என்று எழுதுவோம்.

கடைசியாக, சதவீதம். மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்த 1998-ஆம் ஆண்டு ஆய்வில், குர்குமின் ரத்தத்தை எட்டும் அளவு எலியில் 154 சதவீதம் கூடியது, மனிதரில் 2000 சதவீதம். எல்லாரும் அந்த 2000-ஐத்தான் சொல்வார்கள். அதே ஆய்வில் குர்குமினை மட்டும் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது அளவிட முடியாத அளவுக்கு, அல்லது மிகக் குறைவாகத்தான் இருந்தது. வகுக்கும் எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் சதவீதம் எங்கே வேண்டுமானாலும் போகும்.