முதல் பிரஸ் டூல்: ஒரு குட்டி வாஷர் வெட்டிப் பழகுவோம்

நீலகிரியின் கேத்தியில் 1949 முதல் தையல் ஊசி செய்கிறார்கள். ஒரே கம்பித் துண்டின் இரு முனைகளையும் கூராக்கி, நடுவில் இரண்டு காது அடித்து, அப்புறம் ஒடித்து இரண்டு ஊசியாக்குவது ஊசித் தொழிலின் பழைய வழி. சின்னச் சாமானை ஆயிரக்கணக்கில் செய்ய வருகிறவர் ஒரே ஓட்டத்தில் இரண்டு சாமான் என்ற இந்தக் கணக்கை முதலில் மனதில் வாங்க வேண்டும்.

தகட்டை அழுத்தி வெட்டும் பஞ்ச் (மேலிருந்து இறங்கும் வெட்டுமுனை), டை (கீழே அது நுழையும் துளையுள்ள அச்சு) ஜோடிதான் பிரஸ் டூல். அதில் நாம் எடுத்துக்கொள்வது 3 மி.மீ. போல்ட்டுக்கான பித்தளை வாஷர். வெளிவிட்டம் 7, துளை 3.2, தகட்டின் கனம் 0.5 மி.மீ.

முதலில் வெட்டத் தேவையான விசை. வெளிச் சுற்றளவு 22 மி.மீ.; கனத்தால் பெருக்கினால் 11 சதுர மி.மீ. சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ என்று வைத்தால் 275 கிலோ. துளைக்கு இன்னொரு 125. ஒரு டன் ஃப்ளை பிரஸ் (மேலே கனமான குண்டு உள்ள கைப்பிடியைச் சுற்றி இறக்கும் திருகு பிரஸ்) தாராளம்.

அடுத்துதான் உயிர்நாடி: பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி. பித்தளைக்கு ஒரு பக்கத்துக்குக் கனத்தில் 5 சதவீதம், அதாவது 0.025 மி.மீ.; இரு பக்கமும் சேர்த்து விட்டத்தில் 0.05. வெளிவட்டத்துக்கு டை 7.00, பஞ்ச் 6.95. துளைக்கு மாறும்: பஞ்ச் 3.20, டை 3.25. விழும் துண்டின் அளவை டை தரும், துளையின் அளவைப் பஞ்ச் தரும். இதைக் குழப்பிக்கொண்டால் டூலே வீண்.

டூலைப் பிரஸில் மாட்டியதும் தகட்டை வைக்காதீர்கள். மெல்லிய காகிதத்தை வைத்து மெதுவாக இறக்குங்கள். வட்டம் முழுக்கச் சுத்தமாக வெட்டினால் சரி. ஒரு பக்கம் நார் தொங்கினால் அந்தப் பக்கம் இடைவெளி அதிகம், டையைத் தட்டி நகர்த்துங்கள்.

பிறகு 9 மி.மீ. அகலத் தகட்டுப் பட்டை (ஸ்ட்ரிப்). முதல் அடியில் துளை விழும்; பட்டையை 8 மி.மீ. தள்ளினால், அடுத்த அடியில் அந்தத் துளையைச் சுற்றி வெளிவட்டம் வெட்டி வாஷர் விழும். பிரஸின் மேலே சுற்றும் குண்டு தலையில் படாத தூரத்தில் நில்லுங்கள். விரல் டைக்குள் போகவே கூடாது.

முதல் வாஷரின் விளிம்பை லென்ஸில் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு பளபளப்பு, மீதி மங்கல் என்றால் நல்ல வெட்டு. இரண்டு பளபளப்புக் கோடு தெரிந்தால் இடைவெளி போதவில்லை. நாள்பட வாஷரின் வெளி விளிம்பில் பிசிறு ஏறினால் வெளிவட்டப் பஞ்சின் முனை மழுங்கிவிட்டது. துளையோரம் ஏறினால் துளை டையைச் சாணை பிடிக்க வேண்டும்.

சாயங்காலம் மூடுபனி ஷெட்டுக்குள் இறங்கும் முன் பஞ்சையும் டையையும் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள். நம்ம ஊர் ஈரத்தில் ஒரே ராத்திரியில் வெட்டுமுனை துருப்பிடித்துவிடும்.