விரலில் அணியும் கிட்டார் ஸ்லைடை நாமே செய்துகொள்வது எப்படி?

கிட்டார் கம்பிகளை விரல் நுனியால் அழுத்துவதற்குப் பதிலாக, விரலில் மாட்டிய வழவழப்பான குழாய் ஒன்றை அவற்றின் மேல் மென்மையாக வைத்து நகர்த்தி வாசிக்க உதவும் சிறு கருவியே ஸ்லைடு. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் சுரங்களைப் படிக்கட்டுகளாக வெட்டி வைத்திருக்கின்றன; ஸ்லைடு அந்தப் படிகளைச் சரிவாக மாற்றிவிடுகிறது. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு இந்த ஒலி முதல் நாளே பிடித்துப்போவதில் வியப்பில்லை. கோட்டு வாத்தியத்தில் கருங்காலி போன்ற மரத்தில் கடைந்த உருளையைக் கையில் பிடித்து இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வாத்தியம் தரையில் கிடையாக இருப்பதால் உருளையின் எடை கம்பிகளின் மேல் இறங்கிவிடுகிறது. மடியில் நிமிர்ந்திருக்கும் கிட்டாரிலோ அந்த எடை முழுவதையும் ஒற்றை விரல் சுமக்க வேண்டும். ஆகவே ஸ்லைடின் அளவுகளைக் கிட்டாரிலிருந்து அல்ல, விரலிலிருந்து தொடங்கிக் கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். புதுச்சேரியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வேலையில் மிஞ்சிய அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் 55 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, அதையே ஸ்லைடு என்று மாட்டிக்கொண்டேன். அதன் எடை ஏறத்தாழ 67 கிராம். ஒரு கோழி முட்டையைவிடக் கனம். அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் தொங்கிவிட்டது. எடை தாங்காமல் கம்பிகள் ஃப்ரெட்டுகளில் இடித்து ‘டக் டக்’ என்று ஒலித்தன. போதாக்குறைக்கு, வெட்டிய விளிம்பின் பிசிறை உட்புறம் நீக்காமல் விட்டிருந்ததாலும், மே மாத வெயிலில் விரல் சற்று உப்பியிருந்ததாலும், கழற்றுவதற்குக் குளிர்ந்த நீரும் தேங்காய் எண்ணெயும் தேவைப்பட்டன.

முதல் படி: எந்த விரல், என்ன அளவு

புதிதாகத் தொடங்குபவர் சுண்டுவிரலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மற்ற மூன்று விரல்களும் வழக்கமான முறையில் கம்பிகளை அழுத்தவும், ஸ்லைடுக்குப் பின்னால் கம்பிகளைத் தொட்டு வேண்டாத ஒலியை அடக்கவும் விடுதலையாக இருக்கும். கிட்டார் கலைஞர்களில் ரை கூடர் சுண்டுவிரலிலும், டுவேன் ஆல்மன் ஒரு மருந்துப் புட்டியை மோதிரவிரலிலும், போனி ரெய்ட் நடுவிரலிலும் ஸ்லைடை அணிந்து புகழ்பெற்றவர்கள் என்பதால் இதில் கட்டாயம் ஏதுமில்லை.

ஒரு காகிதப் பட்டையை விரலின் நடுக்கணுவைச் சுற்றி வைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் கோடிட்டு, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 58 மில்லிமீட்டர் என்றால் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் விரல் காலையில் ஓர் அளவிலும் பிற்பகலில் சற்றுப் பெருத்தும் இருக்கும் என்பதால், இரு வேளையும் அளந்து பெரிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டப்போகும் தோல் பட்டைக்காக அதனுடன் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டரைக் கூட்டுங்கள்.

இரண்டாவது படி: நீளம்

சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் 12ஆவது ஃப்ரெட்டின் மேல் ஆறாவது (மிகத் தடித்த) கம்பிக்கும் முதல் (மிக மெல்லிய) கம்பிக்கும் இடையே ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் இருக்கும். ஆறு கம்பிகளையும் ஒருசேரத் தொட 55 மில்லிமீட்டர் நீளம் போதும். விரலை மடக்கிச் சாதாரணமாகவும் வாசிக்க விரும்புபவர் 35 மில்லிமீட்டரில் செய்துகொள்ளலாம். நான்கு கம்பிகளை அது எளிதாக எட்டும், நடுக்கணுவும் மடங்கும்.

மூன்றாவது படி: பொருளும் எடையும்

சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. வாசிக்கும்போது கம்பியின் அதிர்வு முடிவடையும் ஒரு முனை ஸ்லைடாகிவிடுகிறது. இலேசான ஸ்லைடு கம்பியோடு சேர்ந்து தானும் அசைந்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால் ஒலி சீக்கிரம் மங்குகிறது. கனமான ஸ்லைடு அசையாமல் நின்று ஆற்றலைக் கம்பிக்கே திருப்பி அனுப்புவதால் ஒலி நீள்கிறது. அப்படியானால் கனமே நல்லது என்று தோன்றும். ஆனால் அதைத் தாங்குவது விரல். வெளிவிட்டம் 22, உள்விட்டம் 18, நீளம் 55 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவில் செய்தால், கண்ணாடி 17 கிராமும், அலுமினியம் 19 கிராமும், எஃகு 54 கிராமும், பித்தளை 59 கிராமும் இருக்கும். தொடக்க நிலைக்கு 30 முதல் 40 கிராம் வரை பொருத்தமானது என்பது என் அனுபவம்.

புதுச்சேரியில் காலிப் புட்டிகளுக்குப் பஞ்சமில்லை என்பதும், ஒயின் புட்டியின் வாய் உள்விட்டம் பெரும்பாலும் 18.5 மில்லிமீட்டர் என்பதும் பலரைக் கண்ணாடியின் பக்கம் இழுக்கும். அதன் ஒலி இனிமையானதுதான். எனினும் கண்ணாடியை வெட்டுவதற்கும், தூள் மூச்சில் ஏறாதபடி தண்ணீர் விட்டபடியே விளிம்பைத் தேய்ப்பதற்கும் பழகிய கை வேண்டும். முதல் முயற்சிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏ.சி. பொருத்துபவர்களிடம் மிஞ்சும் செம்புக் குழாய்த் துண்டுகளே மாதிரி செய்ய மிகவும் ஏற்றவை. முக்கால் அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்; ஏழு எட்டாம் அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். பின்னதில் 55 மில்லிமீட்டர் துண்டு 33 கிராம் இருக்கும். சுருளாக வரும் குழாய் மிருதுவாகவும் சற்று நசுங்கியும் இருக்கும் என்பதால், நேர் நீளமாக வரும் குழாயின் துண்டையே கேட்டு வாங்குங்கள்.

நான்காவது படி: வெட்டுதல்

பைப் கட்டர் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிதளவே இறுக்குங்கள். அவசரப்பட்டால் குழாய் நீள்வட்டமாகிவிடும். ஆக்ஸா பிளேடால் வெட்டுவதாயின், நேர் விளிம்புள்ள காகிதத்தைக் குழாயின் மேல் சுற்றி, அந்த விளிம்பைக் கோடாகக் கொண்டு, குழாயைச் சுழற்றிச் சுழற்றி அறுங்கள். வைஸில் பிடிப்பதற்கு முன் குழாய்க்குள் பொருத்தமான மரக்கட்டை ஒன்றைச் செருகிவிட்டால் நசுங்காது.

பைப் கட்டரின் சக்கரம் விளிம்பை உட்புறமாக மடக்கி உள்விட்டத்தைக் குறைத்துவிடும். என் விரல் சிக்கியது போன்ற சங்கடம் உங்களுக்கு நேராமலிருக்க, வட்ட அரத்தால் உள் விளிம்பை முழுவதும் நீக்குங்கள். வெளி விளிம்பையும், குறிப்பாக முதல் கம்பியின் பக்கம் வரும் முனையை, கம்பியில் மாட்டாதபடி நன்கு உருட்டிவிடுங்கள்.

ஐந்தாவது படி: மெருகேற்றுதல்

220 எண் உப்புத்தாளில் தொடங்கி, 400, 800, 1200 என்ற வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். இங்கே எந்தத் திசையில் தேய்க்கிறோம் என்பது முக்கியம். ஸ்லைடு நகரும்போது கம்பி அதன் மேற்பரப்பைச் சுற்றளவின் திசையிலேயே உரசுகிறது. குழாயின் நீளவாக்கில் விழுந்த கீறல்கள் அந்த உரசலுக்குக் குறுக்கே நின்று, சுற்றுக்கம்பிகளின் (மெல்லிய கம்பி சுற்றப்பட்ட தடித்த கம்பிகளின்) வரிகளோடு மோதி, ‘சர்’ என்ற இரைச்சலைக் கூட்டுகின்றன. சுற்றளவுத் திசையில் விழுந்தவை அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆகவே முதல் இரண்டு தாள்களில் எப்படித் தேய்த்தாலும், கடைசி இரண்டில் குழாயைக் கட்டையில் செருகி, தாளை அதன் மேல் சுற்றிப் பிடித்து, கட்டையைத் திருகித் திருகியே தேய்த்து முடியுங்கள். பிறகு இரும்பு ஸ்கேலின் விளிம்பை ஸ்லைடின் நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளியில் ஒளி கசிந்தால் அந்த இடம் பள்ளமாகிவிட்டது என்று பொருள்.

ஆறாவது படி: உட்பட்டை

வியர்வை பட்டால் உலோகம் விரலில் வழுக்கும்; செம்பு பச்சைக் கறையையும் விட்டுச் செல்லும். அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய தோலை, சொரசொரப்பான பக்கம் விரலில் படுமாறு, உட்புறம் ஒட்டிவிடுங்கள். கையை உதறினால் ஸ்லைடு கழன்று விழக்கூடாது. மறு கையால் மெல்ல இழுத்தால் வந்துவிட வேண்டும்.

ஏழாவது படி: கிட்டாரில் சோதித்தல்

ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பிகளை ஒவ்வொரு முழுச்சுரம் தளர்த்தினால் கிட்டார் ஓப்பன் ஜி டியூனிங்குக்கு, அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும் சுருதி அமைப்புக்கு, வந்துவிடும். ஆறிலிருந்து ஒன்றுவரை டி, ஜி, டி, ஜி, பி, டி. 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியை இலேசாகத் தொட்டு மீட்டினால் எழும் ஹார்மோனிக்கை முதலில் கேளுங்கள். பிறகு ஸ்லைடை இரு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அல்லாமல், சரியாக 12ஆவது ஃப்ரெட்டின் நேர் மேலே வைத்து மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும்.

நடுக்கம்பிகள் ஒலித்து ஓரக்கம்பிகள் மட்டும் கரகரத்தால் ஸ்லைடு கோணலாகிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கிட்டாரின் கழுத்து மேற்புறம் சற்று வளைந்திருப்பதால், அந்த 45 மில்லிமீட்டர் அகலத்தில் ஓரக்கம்பிகள் நடுக்கம்பிகளைவிட 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை தாழ்ந்திருப்பது இயல்பே. சிறிதளவு கூடுதல் அழுத்தம் அதைச் சரிசெய்துவிடும். அப்போதும் கம்பிகள் ஃப்ரெட்டில் இடித்தால், 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றி, 0.012 அங்குலத்தில் தொடங்கும் கம்பித் தொகுப்பை மாட்டுங்கள்.

செம்பு மிருதுவானது, சில மாதங்களில் சுற்றுக்கம்பிகள் அதில் வரி போட்டுவிடும். உப்புக்காற்றில் கறுத்தும் போகும், புளியால் தேய்த்தால் மீண்டும் மின்னும். அதனால் இந்த முதல் ஸ்லைடை அளவு பார்க்கும் மாதிரியாகவே கருதி ஒரு வாரம் அணிந்து வாசியுங்கள். தளர்வா, நீளம் மிகையா, கனம் போதவில்லையா என்பதை விரலே சொல்லிவிடும். அந்தத் திருத்தங்களோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ பித்தளையிலோ கடைந்து தரச் சொல்லலாம். உள்விட்டம் 19, வெளிவிட்டம் 22, நீளம் 50 மில்லிமீட்டர் என்றால் எடை 40 கிராமை ஒட்டியே நிற்கும். தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் நான் இதைக் கேட்டபோது, “எந்த மோட்டாருக்கு சார் இந்த புஷ்?” என்றார் கடைசல்காரர், இயந்திரத் தண்டில் மாட்டும் உலோகக் குழல் என்று நினைத்து. கிட்டாரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததைவிட, மூன்று அளவுகளும் இரு முனைகளின் உருட்டும் குறித்த ஒரு படத்தை நீட்டியதே வேலையை விரைவில் முடித்தது.