ஹோம் விசிட்டில் விட்டுப்போகும் கேள்விகள்

சமூகப் பணியில் சுற்றுச்சூழல் என்றதும் பலருக்கு ஜூன் 5தான் ஞாபகம் வருகிறது. ஒரு பேனர், பத்து மரக்கன்று, ஒரு குரூப் போட்டோ. மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. சரி, இது எல்லோருக்கும் தெரிந்த தவறு. இதைவிடப் பெரிய தவறு, சமூகப் பணியாளர்களான நாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்து ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் எழுதும் கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது.

வருமானம், கடன், குடிப்பழக்கம் எல்லாம் எழுதுகிறோம். என்ன கூரை, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதுவதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் குடத்தோடு காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று எழுதுவது அநியாயம்.

அப்புறம் வெயில். சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று அந்த வீட்டு அம்மாவைக் கடிந்துகொள்வதற்கு முன், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும். பொதுக் கழிப்பறை இரண்டு தெரு தள்ளி இருந்தால் அவர் மாத்திரையையும் விட்டுவிடுவார், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார். கோடையில் இது உயிருக்கே ஆபத்து. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நம் குறிப்பில் கூரையும் இல்லை, வேலை நேரமும் இல்லை என்றால், அந்தக் குடும்பத்துக்காக எதைக் காட்டிப் பேசுவோம்?

சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பிளாஸ்டிக் பற்றிப் பாடம் எடுப்பதையும் நிறுத்தலாம். அன்றாடக் கூலியில் சின்னப் பாக்கெட் ஷாம்புதான் வாங்க முடியும். அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வருகிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று கரையோர மக்களை அப்புறப்படுத்தும்போது, நாமும் கூடப் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கித் தருவது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பலரைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கேயும் வெள்ளம். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வரும், எங்கே வடியாது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த விசிட்டுக்கு ஒரு டேப் கொண்டுபோங்கள். சுவரில் வெள்ளக்கறை இருந்தால் தரையிலிருந்து எத்தனை அடி என்று வீட்டுக்காரரையே அளக்கச் சொல்லி, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். வடிகால் கேட்டுக் கொடுக்கும் மனுவில் அந்த அளவு முதல் வரியாக வரட்டும்.