நாயின் மூத்திரம் சிவந்தால்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் செவலை, கறுப்பன் என்று இரண்டு நாட்டு நாய்கள். இரண்டுக்கும் வெவ்வேறு வருடங்களில் மூத்திரம் சிவந்தது. செவலைக்கு வந்தபோது ‘சூடு’ என்று நானே முடிவு கட்டி மோரும் வாழைத்தண்டுச் சாறும் ஊற்றினேன். ஒரு நாள் வீண். மூத்திரக் கல் வந்து மூத்திரக் குழாயை அடைத்திருக்கிறது. போக வழியில்லாத இடத்தில் நான் மேலும் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன்.

அதனால் நிறத்துக்கு முன்னால், நாய் எப்படிப் பெய்கிறது என்று பாருங்கள். வேலிக்கு வேலி காலைத் தூக்கிச் சொட்டு விடுவது ஆண் நாயின் வழக்கம், விட்டுவிட்டு ஓடிவிடும். கல் இருந்தால் ஒரே இடத்தில் முக்கிக்கொண்டு நிற்கும், சொட்டுச் சொட்டாக வரும், அப்புறம் அந்த இடத்தையே நக்கும். ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. பெரும்பாலும் அதன் பின்னால்தான் கல் மாட்டும். பெண் நாய்க்குக் குழாய் அகலம், அடைப்பு குறைவு. ஆனால் கிருமித்தொற்றால் வரும் ஸ்ட்ரூவைட் கல் அதற்குத்தான் அதிகம். மூத்திரம் அடியோடு நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்கியும் பார்க்க வேண்டாம்.

செவலையை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்து, டியூப் விட்டுக் கல்லை மூத்திரப் பைக்குள் தள்ளி, அறுவை செய்து எடுத்தார்கள். அது கால்சியம் ஆக்சலேட் என்ற வகைக் கல், மருந்துக்குக் கரையாது. ஸ்ட்ரூவைட் என்றால் அதற்கென்று உள்ள தீவனத்திலும் ஆன்டிபயாட்டிக்கிலும் பெரும்பாலும் கரைந்துவிடும். எடுத்த கல்லைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கறுப்பன் தாராளமாகத்தான் பெய்தது. நிறம் மட்டும் கடுங்காப்பி. உதட்டைத் தூக்கினால் ஈறு வெளுத்துக் கிடந்தது, உடம்பு கொதித்தது. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ஏறும் பபீசியா என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மூத்திரத்தின் நிறம் அதனால்தான்.

உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது. பெண் உண்ணி சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். எங்கள் திண்ணை விரிசலைப் பூசிய பிறகுதான் குறைந்தது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்க்குப் பூசுவதை இங்கே நிறையப் பார்க்கிறேன். அளவு தப்பினால் நாய் சுருண்டுவிடும்.

உண்ணியோடு குடற்புழுவையும் கவனியுங்கள். புழு மருந்து குட்டிக்கு 2 வாரத்தில் தொடங்கும். பெரிய நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு முறை, எடை பார்த்து. பின்பக்கம் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அதைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். ஐப்பசி, கார்த்திகை ஈர மண்ணில் கொக்கிப்புழு தோல் வழியே ஏறும், நம் காலிலும்தான். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மூத்திரத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். நான் நீளக் கரண்டியை நீட்டிப் பிடிக்கிறேன். முதல் இரண்டு நாள் கறுப்பன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை இறக்கிக்கொண்டது.