பள்ளிக்கு டியூஷன் திட்டம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்டது" என்ற வரி இல்லாத டியூஷன் திட்ட விளம்பரம் இப்போது அபூர்வம். அதைப் பார்த்ததும் பள்ளி மேலாண்மைக் குழு தலையாட்டிவிடுகிறது. திட்டத்தில் சேராத பிள்ளைகளோடு ஒப்பிட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. கொரோனாவுக்குப் பின் தமிழகக் கிராமப்புறங்களில் நடந்த ஆய்வைப் பாருங்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பெடுத்த அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு சுமார் 24 சதவீதம். நல்ல பங்குதான். ஆனால் ஒப்பீடு இல்லாவிட்டால் மொத்தப் பெருமையும் அதன் கணக்கிலேயே ஏறியிருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தையே மறுபடி நடத்துவது. 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 45 என்று எழுதும் பிள்ளை, பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது; கடன் வாங்கத் தெரியவில்லை. அதற்கு இயற்கணிதம் நடத்தி என்ன பயன்? மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய 'பால்சகி' திட்டத்தில், பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் பிரித்துத் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார்கள். மதிப்பெண் உயர்ந்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் அதே ஊரில் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள். ஆகவே எம்.எஸ்சி., பி.எட். இருந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடிக்க வேண்டாம். நம்மூர் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இதற்காகத்தான்.

பலனைக் காலாண்டுத் தேர்வை மட்டும் வைத்து அளக்காதீர்கள். தில்லியில், ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கேற்பக் கணினி வழியே சொல்லிக் கொடுக்கும் மைண்ட்ஸ்பார்க் மையங்களுக்குப் போன நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள், தனியாக வைத்த கணக்குத் தேர்வில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். பள்ளித் தேர்வில் அது பெரிதாகத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு வினாத்தாளில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு வராதே! தொடக்கத்தில் அடிப்படைத் திறனைச் சோதித்து, முடிவிலும் அதே தரத்தில் சோதித்தால்தான் விஷயம் புரியும்.

பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் நடத்தும் 'ஸ்பெஷல் கிளாஸ்' கணக்கில் சேராது. வாரத்தில் மூன்று நாளாவது, முடிந்தவரை ஒரே ஆசிரியர், சின்னக் குழு என்று இருக்க வேண்டும்.

கூடவே வருகை. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. ஐந்து மணிக்கு மேல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பிள்ளையிடம் மாலை வகுப்பு என்றால் எப்படி? பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியட் ஒதுக்குங்கள். நிறுவனத்தோடு பணம் பேசும்போது, பெயர் சேர்த்த எண்ணிக்கைக்கு வேண்டாம், வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்குத் தருவதாகப் பேசுங்கள்.