மாதிரி நீராவி எஞ்சினுக்கு வரைபடம் தேர்ந்தெடுக்கும்போது

காரைக்குடி, செட்டிநாடு நிலையங்கள் வழியே ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடியதை நினைவில் வைத்து, அத்தகைய எஞ்சினை மரத்திலோ பித்தளையிலோ செய்ய விரும்புவோர், கையில் கிடைக்கும் வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகோல் விகிதத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. நகல் எடுக்கும்போதே அது மாறிவிடுகிறது.

ஐயமின்றித் தெரிந்த ஓர் அளவைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பான வழி. எடுத்துக்காட்டாக, மீட்டர் கேஜில் பயணிகள் வண்டியை இழுத்த ஒய்.பி. வகை எஞ்சினின் இயக்கச் சக்கர விட்டம் 1,372 மில்லிமீட்டர், சரக்கு வண்டியை இழுத்த ஒய்.ஜி. வகைக்கு 1,219 மில்லிமீட்டர். தண்டவாள இடைவெளியோ 1,000 மில்லிமீட்டர். 1:22.5 விகித வரைபடத்தில் ஒய்.பி. சக்கரம் ஏறக்குறைய 61 மில்லிமீட்டர் வர வேண்டும். அதே விகிதத்தில் தண்டவாள இடைவெளி 44.4 மில்லிமீட்டர் ஆவதால், கடைகளில் கிடைக்கும் 45 மில்லிமீட்டர் மாதிரித் தண்டவாளம் ஏறத்தாழப் பொருந்திவிடும்.

சக்கரத்தைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் தாள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று பொருள். எங்கள் ஊர்க் கடையொன்றில் எடுத்த நகலில் சக்கரம் முட்டை வடிவில் இருந்ததைப் பாதி வேலை முடிந்த பிறகுதான் கவனித்தேன். வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியார் சிரித்துவிட்டார்.

தொழிற்சாலை வரைபடம் காட்டுவது வடிவமைப்பை மட்டுமே. பணிமனையில் பின்னர் செய்த மாற்றங்கள் அதில் இருக்காது என்பதால், சென்னை ரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நிற்கும் பழைய எஞ்சின்களைப் பக்கவாட்டில் நின்று படமெடுத்து ஒப்பிடுவது நல்லது. நேரில் சக்கரத்தை அளப்பவர்கள், நீண்ட நாள் ஓடித் தேய்ந்த சக்கரத்தின் வெளிப்பட்டை புதிய அளவைவிடச் சிறிதாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.