ராகிக்களியையும் டயட் ஆக்கிவிடாதீர்கள்: பசியைக் கேட்டுச் சாப்பிடப் பழகுவது எப்படி

நம்ம ஊர் களிக்கே இப்போது 'வெயிட் லாஸ்' என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். தர்மபுரி, பென்னாகரம், அரூர், கிருஷ்ணகிரி பக்கம் மானாவாரியில் ராகியும் சாமையும் விளைந்தன, அதனால் பாட்டிமார் அதைத் தின்றார்கள், இடுப்பளவு பார்த்துத் தின்னவில்லை. அதையே பாக்கெட்டில் போட்டு, கூடவே கொஞ்சம் பயத்தையும் போட்டு நமக்கே திருப்பி விற்கிறார்கள். நூறு கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி, நூறு கிராம் அரிசியில் சுமார் 350, அவ்வளவுதான் வித்தியாசம். ராகியில் கால்சியம் அதிகம், நார்ச்சத்து அதிகம் என்பதெல்லாம் உண்மை. பிடித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். 'அரிசி விஷம்' என்று யாரோ வீடியோவில் சொன்னார் என்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டியதில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு தாளை எடுத்து உங்கள் தலைக்குள் ஓடும் சாப்பாட்டு விதிகளை எல்லாம் எழுதுங்கள். ஏழு மணிக்கு மேல் சோறு கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, காலையில் நூறு பாதாம், மாம்பழம் சுத்தமாகக் கூடாது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இதைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொன்னதா, அது இருக்கட்டும். ஷேக் பவுடர் விற்பவர், ஜிம் மாஸ்டர், சின்ன மாமியாரின் வாட்ஸ்அப், இவர்கள் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். பெரும்பாலும் தாளில் மிஞ்சுவது இரண்டு மூன்றுதான்.

'விதி இல்லாவிட்டால் நான் கண்டபடி தின்பேனே' என்று தோன்றும். அந்தப் பயத்துக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் வழக்கத்தில் பாதி அளவுதான் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். நாளெல்லாம் சோற்று நினைப்பு, சமையல் குறிப்புப் புத்தகம் படிப்பது, தட்டை நக்குவது என்று ஆகிவிட்டார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை. அதனால், பகலெல்லாம் வெள்ளரிக்காயோடு ஓட்டிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைக் காலி செய்வதற்குக் காரணம் மன உறுதி இல்லாதது என்று நினைக்காதீர்கள். பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் செய்யும்.

ஆகவே பசியைக் கவனிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, வேளைக்குச் சாப்பிடுவது. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு நூறு நாள் வேலைக்கோ பூப்பறிக்கவோ போய், மதியம் இரண்டு மணிக்கு முதல் வாய் வைக்கிறவருக்குப் பசி என்றால் தலைசுற்றல் என்றுதான் தெரியும். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் மாறி மாறிப் போகிற பிள்ளைகளுக்கு எது ராத்திரி, எது பசி என்பதே குழம்பிப் போயிருக்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட்டுச் சில வாரம் ஓட்டுங்கள், ஷிப்ட்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்த நேரத்திலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் சின்னப் பசி கண்ணுக்குத் தெரியும்: வயிறு லேசாகக் காலியாவது, வேலையில் கவனம் நழுவுவது, காரணமில்லாமல் பிள்ளைமேல் எரிந்து விழுவது. சாப்பிட வேண்டிய நேரம் அதுதான்.

வீட்டுப் பெண்களுக்குத் தனியாக ஒன்று. எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிச்சம் இருப்பதை, பிடிக்கிறதோ இல்லையோ, வீணாகக்கூடாது என்று வழித்துத் தின்பது உங்கள் பசிக்குச் சாப்பிடுவது ஆகாது. உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள், முடிந்தால் எல்லோரோடும் சேர்ந்தே உட்காருங்கள். யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

போதும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இதற்குக் களியே நல்ல பயிற்சி. மெதுவாகச் சாப்பிடச் சொல்கிறவர்கள் எல்லாம் ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மெல்லச் சொல்வார்கள், அவர்கள் களியைப் பார்த்ததில்லை போல. மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும், விழுங்கத்தான் வேண்டும். ஆனால் ஈரக்கையில் உருட்டி வட்டிலில் போட்ட சூடான களியை அவசரமாகத் தின்னவும் முடியாது. நடுவில் குழி செய்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி, ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி, குழம்பில் புரட்டி, ஆறவிட்டு விழுங்குகிறோம், சூடே நம் வேகத்தைக் குறைக்கிறது. முதலில் அரை உருண்டை வாங்குங்கள். பாதியில் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கவனியுங்கள். முதல் வாயில் இருந்த ருசி இப்போதும் இருக்கிறதா, இல்லை ஊறுகாயைத் தேட ஆரம்பித்துவிட்டோமா? தேடினால் பெரும்பாலும் வயிறு நிறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர இருபது நிமிடம் வரை ஆகும் என்பார்கள், அதனால் அடுத்த அரை உருண்டைக்கு முன் கொஞ்சம் பேசிக்கொண்டிருங்கள். பசி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம், வீணாகிறது என்ற கவலையும் இல்லை.

அடுத்தது, தடை போட்ட உணவுகள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மே, ஜூனில் மாம்பழத்தைத் தொடாமல் இருப்பது என்ன வாழ்க்கை! செந்தூரா, அல்போன்சா, நீலம், எது பிடிக்குமோ வாங்கி வீட்டில் வையுங்கள். ஒளித்துவைத்து நின்றுகொண்டே தின்னாமல், உட்கார்ந்து, சாறு முழங்கை வரை வழிய நிதானமாகச் சாப்பிடுங்கள். முதல் சில நாள் அதிகமாகத்தான் போகும். நாளைக்கும் இருக்கும், நாளை மறுநாளும் இருக்கும் என்று மனசு நம்பிவிட்டால், 'இப்போது வேண்டாம்' என்று நீங்களே சொல்கிற நாள் வரும். அந்த 'வேண்டாம்' உள்ளேயிருந்து வருகிறதா, கலோரிக் கணக்கிலிருந்து வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாம்பழ அளவை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். ராகி என்பதால் கூழை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதும் தவறு, அதுவும் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் போடுபவர்கள் பசியில்லை என்று வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தின்றதை வாந்தி எடுக்கும் பழக்கமோ, நாள்கணக்கில் பட்டினி கிடப்பதோ இருந்தால் கட்டுரை படித்துச் சரியாகாது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸைக் கூப்பிடுங்கள், எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

எடை மெஷினைப் பரண்மேல் போடுங்கள். இப்படிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குக் குறையும், சிலருக்கு ஏறும், பலருக்கு அங்கேயே நிற்கும். இறுக்கமான ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள், நாளெல்லாம் இடுக்கிப் பிடிக்கும் துணியோடு வயிற்றின் பேச்சு காதில் விழாது.

கல்யாண வீட்டில் 'என்னம்மா, ஒரு சுத்து பெருத்துட்ட' என்று ஒரு அத்தையாவது கேட்பார். விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். 'ஆமாங்க அத்தை, நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி எப்படிங்க இருக்கு?' என்று கேளுங்கள், அடுத்த அரை மணி நேரம் பேச்சு அதிலேயே போய்விடும்.

அங்கே விருந்தில் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும். மறுநாள் அதற்குத் தண்டனையாகக் காலைப் பட்டினி போடாதீர்கள், எலுமிச்சைத் தண்ணீரும் வேண்டாம். பசித்ததும் எப்போதும் தின்கிற நாலு இட்லியைத் தின்றுவிட்டு வேலையைப் பாருங்கள்.